அக்கா ஆனியில் அனுப்பிய படம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்டதும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கனடாவில், ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பற்றை, ஆற்றங்கரை என்று நடந்து திரிகிற மனிசி. இடது முழங்கால் உடுப்புக்கு மேலாலேயே தெரியுமளவுக்கு வீங்கியிருந்தது. "நோ அவ்வளவு இல்லை, மடக்கத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார். வீக்கம் பெரிது, நோ சிறிது. இதைப் பிறகு டொக்டர் இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டார்.

வெள்ளவத்தை வீட்டில் சூட்கேசைத் திறந்தால் பிள்ளைகளுக்கு வாங்கிய சொக்லேட்டுகளுக்கு நடுவே துவாயில் சுற்றிய ஒன்பது சின்னப் போத்தல்கள். மண்ணிறக் கண்ணாடி, சொட்டுச் சொட்டாக விடுகிற மூடி. ஒவ்வொன்றிலும் வாயில் நுழையாத பெயர். அம்மா ஒன்றைத் திறந்து புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போய், "பிள்ளை, இது நிலவேம்பெல்லோ!" என்றார். லேபிளில் அன்ட்ரோகிராபிஸ் என்று இருந்தது. எழுபத்தெட்டு வயது நாக்கு ஒரு சொட்டில் கண்டுபிடித்துவிட்டது. எங்கள் வீட்டு அலுமாரியில் இருநூறு ரூபாய்ச் சரையில் கிடக்கிற சாமானை அக்கா டொலரில் வாங்கி, கடல் கடந்து திரும்ப எங்களிடமே கொண்டு வந்திருந்தார்.

அக்காவுக்கு வந்தது லைம் நோய், உண்ணி கடித்து வருகிற வருத்தம். எங்கள் பக்கத்தில் பலர் கேள்விப்பட்டிராத பெயர். ஆனால் கொழும்பில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கனடாவின் ஒன்ராறியோவில் ஒருத்தராவது இருப்பார்கள். மார்கழியில் வருவார்கள், திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போவார்கள், ஒரு மாதம் நின்று போவார்கள். அவர்கள் கொண்டுவருகிற வருத்தத்தை இங்கே யார், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனி மாதம், அதாவது அக்கா வருவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னர், எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். முழங்காலுக்குப் பின்பக்கம், உள்ளங்கை அளவில் ஒரு நிறமாற்றம். கன்றிப்போன காயம் மாதிரி, ஓரம் கொஞ்சம் கறுத்து. "இது என்னெண்டு தெரியுமோ? சொறியேல்லை, நோகேல்லை" என்று கேட்டிருந்தார். நான்தான் பதில் போட்டேன்: "படர்தாமரை போல கிடக்கு அக்கா. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுங்கோ." சித்தி ஒருவர் கைகூப்பி ஒரு படம் போட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது. அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை.

லைம் நோயைப் பற்றித் தேடினால் எங்கும் வருகிற படம் ஒன்று இருக்கிறது: வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம், நடுவில் வெளிறி, அம்பு எறிகிற இலக்குப் பலகை மாதிரி. எங்கள் தோலில் அது பெரும்பாலும் அப்படித் தெரியாது. மண்ணிறத் தோலில் சிவப்பு ஊதாவாகத் தெரியும், அல்லது கன்றலாகத் தெரியும், அல்லது கண்ணில் படாமலே போகும். வெள்ளைத் தோலிலும்கூட நடுவில் வெளிறாமல் முழுவதும் ஒரே நிறமாகப் பரவுவது சாதாரணம். நோய் தொற்றியவர்களில் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்கு இந்தத் தடிப்பு வருகிறது என்கிறார்கள். உண்ணி கடித்து மூன்று நாளில் இருந்து முப்பது நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தில். நாளுக்கு நாள் விரியும். விரிகிறதா இல்லையா என்பதுதான் முக்கியமான அடையாளம். அதை அறிய ஒரு பேனாவால் ஓரத்தைக் கோடு போட்டு வைத்தாலே போதும்.

அக்கா ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. தடிப்புத் தெரிந்து மூன்றாம் நாளே பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் தடிப்பை வடிவாகப் பார்க்கவில்லை. "லைமா என்று இரத்தத்தைப் பார்த்துவிடுவோம்" என்று எழுதிக் கொடுத்தார். றிப்போட் வந்தது: இல்லை. அக்காவும் நிம்மதியாகிவிட்டார். எங்களுக்கும் அதையே சொன்னார், "ரெஸ்ட்டில ஒண்டும் இல்லையாம்."

கொழும்பில் இருக்கிற எவருக்கும் இதில் உள்ள பிழையை விளங்கப்படுத்துவது சுலபம். டெங்கு எங்களுக்கு அதைச் சொல்லித் தந்திருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் என்எஸ்1 பார்ப்பார்கள், அது வைரசின் துண்டையே தேடுகிற சோதனை. ஐஜிஎம் பார்ப்பதென்றால் ஐந்தாறு நாள் போகவேண்டும், ஏனென்றால் அது எங்கள் உடம்பு செய்கிற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இரண்டாம் நாள் ஐஜிஎம் பார்த்து இல்லையென்று வந்தால் டெங்கு இல்லையென்று ஒருவரும் வீட்டில் படுத்திருக்கமாட்டோம். 2017இல் இந்தத் தீவில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தபோது ஓட்டோக்காரருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. லைம் சோதனையும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. ஆனால் இங்கே எதிர்ப்பொருள் வர நாட்கள் போதாது, வாரங்கள் வேண்டும். தடிப்பு வந்த புதிதில் இரத்தத்தைப் பார்த்தால் நோய் உள்ள பலருக்கும் இல்லை என்றுதான் வரும். அதனால்தான் உண்ணி உள்ள ஊரில் வாழ்கிறவருக்கு இந்த மாதிரித் தடிப்பு வந்தால் இரத்தம் எடுக்கத் தேவையில்லை, தடிப்பைப் பார்த்தே மருந்தைத் தொடங்குங்கள் என்பது அங்குள்ள மருத்துவ வழிகாட்டல். அன்றைக்கு பத்து நாள் டொக்சிசைக்ளின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசை கொடுத்திருந்தால் அக்கா மார்கழியில் நடந்து வந்திருப்பார்.

அந்த உண்ணியை அக்கா காணவே இல்லை. ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம் ரூஜ் என்ற பெரிய வனப்பூங்கா இருக்கிறது. எங்கள் சனம் ஒன்றுகூடலுக்குப் போகிற இடம். அங்கே கருங்கால் உண்ணி குடிகொண்டிருக்கிறது. வைகாசி, ஆனியில் திரிவது வளர்ந்த உண்ணி இல்லை, அதற்கு முந்திய பருவம். ஒரு கசகசா மணி அளவுதான் இருக்கும். கடித்தால் நோகாது. ஒட்டிக்கொண்டு இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மேல் இரத்தம் குடித்தால்தான் பெரும்பாலும் கிருமி உடம்புக்குள் போகிறது. ஆகவே வீட்டுக்கு வந்து குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமுடி எல்லாம் தடவிப் பார்த்தாலே பெரும் பகுதி தப்பலாம். மலைநாட்டில் பிள்ளைகளின் காதுக்குள் உண்ணி புகுந்து கண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே காதைப் பார்க்கிற பழக்கம் உண்டு. ரொறன்ரோவில் எங்களவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஐப்பசியில் முழங்கால் வீங்கத் தொடங்கியது. கிளினிக்கில் வாதம் என்றார்கள், வயது என்றார்கள். இரத்தம்தான் இல்லையென்று சொல்லிவிட்டதே, லைம் என்ற சொல்லை அதற்குப் பிறகு அங்கே யாரும் எடுக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. இணையத்தில் தேடியிருக்கிறார். ஒரு மூலிகைக்காரி கிடைத்திருக்கிறார். கதையை ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டிருக்கிறார். "ஆறு மாதத்தில என்ரை கதையை முழுசாக் கேட்டது அந்த மனிசி ஒண்டுதான்" என்று அக்கா சொன்னபோது எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. ஒன்பது போத்தலும் அப்படித்தான் வந்தன. மூலிகை மருந்துக்குச் சனம் ஏன் போகிறது என்று கேட்கிற டொக்டர்மார் இந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் இப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றொரு சிறிய ஊர். 1975இல் அங்கே பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. வாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். பொலி மரே என்ற தாய் அதை ஏற்கவில்லை. தன் வீட்டில் யாருக்கு, எப்போது, என்ன வந்தது என்று பல வருடமாக எழுதி வைத்திருந்தார். அவரும் இன்னொரு தாயும் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்த பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்து அலன் ஸ்டியர் என்ற மருத்துவர் வந்து வீடு வீடாகக் கேட்டு, இது தொற்றுகிற ஏதோ ஒன்று என்று கண்டார். உண்ணியின் வயிற்றுக்குள் சுருள் வடிவக் கிருமியை வில்லி பேர்க்டோர்பர் கண்டது 1981இல். அடுத்த வருடம் அது வெளியானது. கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள், பொறேலியா பேர்க்டோர்பெரி. நுணுக்குக்காட்டியில் கிருமி தெரிவதற்கு முன்னரே ஒரு தாயின் கொப்பியில் நோய் தெரிந்திருக்கிறது. இதை வாசித்த இரவு நான் வட்ஸ்அப்பைத் திறந்து அக்காவின் ஆனி மாதத்துப் படத்தைத் தேடி எடுத்தேன். திகதி, நேரம் எல்லாம் அதில் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் வெள்ளவத்தையிலேயே ஒரு மருத்துவ நிபுணரைச் சனல் பண்ணினோம். நம்பர் இருபத்தேழு. இரவு ஒன்பதரைக்குத்தான் உள்ளே போனோம். வயதானவர், களைத்திருந்தார். இருந்தும் அவசரப்படவில்லை. முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதல் கேட்ட கேள்வி, "அம்மா, போன கோடையில எங்கை எங்கை நடந்தனீங்கள்?" நான் போனை நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "இது ஆனி எத்தினையாம் திகதி?" என்று கேட்டு எழுதினார். முகம் ஒரு பக்கம் கோணியதா, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்ததா என்று கேட்டார். இந்தக் கிருமி முக நரம்பையும் இதயத்தின் மின்னோட்டத்தையும் தடுக்கக்கூடியது. நல்லகாலம், இரண்டும் இல்லை. "இரத்தம் எடுப்பம். ஆனா இப்ப எடுக்கிறதுக்கும் ஆனியில எடுத்ததுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றார்.

ஆறு மாதம் கழித்து, முழங்கால் வீங்கிய நிலையில் உடம்பு எதிர்ப்பொருளை நிறையச் செய்திருக்கும். அந்த நேரத்தில் சோதனை மிகவும் நம்பகமானது. இரண்டு படியாகச் செய்வார்கள். முதலில் எலைசா, எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பொதுவாகப் பார்க்கிற சோதனை. அது இருக்கு என்றோ சந்தேகம் என்றோ சொன்னால் மட்டும் இரண்டாவது. பழைய முறையில் இரண்டாவது படி வெஸ்டர்ன் புளொட்: கிருமியின் புரதங்களைப் பிரித்துப் பட்டியில் பரப்பி, எங்கள் எதிர்ப்பொருள் எதெதில் ஒட்டுகிறது என்று கோடு கோடாகப் பார்ப்பது. ஐஜிஎம் என்பது முதலில் வருகிற எதிர்ப்பொருள், ஐஜிஜி பிறகு வந்து நெடுநாள் நிற்பது. ஐஜிஜி பட்டியில் பத்துக் கோட்டில் குறைந்தது ஐந்து வேண்டும். ஐஜிஎம்மில் மூன்றுக்கு இரண்டு, அதுவும் நோய் தொடங்கி முதல் ஒரு மாதத்துக்குள் மட்டும்தான் கணக்கு. 1994இல் டியர்போர்ன் என்ற ஊரில் கூடி எடுத்த முடிவு இது. 2019இல் இருந்து இரண்டாவது படியையும் எலைசாவாகவே செய்கிற முறைக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு. அக்காவின் இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் பார்த்தார்கள், றிப்போட் வர இரண்டு கிழமை. டொக்டர் அதற்குக் காத்திருக்கவில்லை. அன்றிரவே டொக்சிசைக்ளின் எழுதினார், நூறு மில்லிகிராம், காலையும் மாலையும், இருபத்தெட்டு நாள். தடிப்பு மட்டும் இருந்த நாளில் பத்து நாளில் முடிந்திருக்கக்கூடிய மருந்து.

றிப்போட் வந்தபோது ஐஜிஜி பட்டியில் எட்டுக் கோடு.

போத்தல்களைப் பற்றி டொக்டரிடம் சொல்லவேண்டாம் என்று அக்கா காரிலேயே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். ஏச்சு விழும் என்ற பயம். அம்மாதான் உள்ளே போட்டு உடைத்துவிட்டார். டொக்டர் ஏசவில்லை. ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னார். பிரஷர் குளிசை எடுக்கிறவர் நிலவேம்புச் சாற்றை நாளும் பொழுதும் குடித்தால் பிரஷரும் சீனியும் கூடுதலாக இறங்கக்கூடும் என்றார். வெள்ளிக்கரைசல் என்று ஒரு போத்தல் இருந்தது, அதை மட்டும் இன்றே கொட்டுங்கள் என்றார். அது தோலை நிரந்தரமாகச் சாம்பல் நீலமாக்கிவிடக் கூடியது, ஒரு நோயையும் மாற்றாது. கல்சியக் குளிசையையும் இரும்புக் குளிசையையும் டொக்சிசைக்ளினோடு சேர்த்துப் போட்டால் மருந்து குடலிலேயே கட்டுப்பட்டு வெளியே போய்விடும். பால்தேத்தண்ணிக்கும் அதே கதைதான். அக்கா விடிய எழும்பி ஒரு கோப்பைப் பால்தேத்தண்ணியோடுதான் எல்லாக் குளிசையும் போடுகிறவர். அன்றைக்கு அதைக் கேட்காமல் வந்திருந்தால் இருபத்தெட்டு நாளில் எத்தனை நாள் வீணாகியிருக்குமோ. நிறையத் தண்ணீரோடு போடவேண்டும், போட்டவுடன் படுக்கக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது. கொழும்பில் கடைசியைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மூலிகையைப் பற்றி எனக்குள் நெடுநாளாக ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. நான் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் குடித்து வளர்ந்தவள். தடிமன் வந்தால் இன்றைக்கும் பஸ்பங்குவக் கஷாயம்தான். ஆகவே அக்காவின் போத்தல்களைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. அவற்றைப் பற்றி உண்மையாகவே என்ன தெரியும் என்று தேடினேன். 2020இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் லைம் நோயாளிகள் வாங்கிக் குடிக்கிற மூலிகைகளை எடுத்து, ஆய்வுகூடக் குழாயில் பொறேலியா மீது விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆபிரிக்காவில் மலேரியாவுக்குக் குடிக்கிற கிரிப்டோலெப்பிஸ் வேர், கறுப்பு வால்நட், யப்பான் நொட்வீட், ஆர்ட்டிமிசியா போன்றவை கிருமியை நன்றாக அடித்தன. கிரிப்டோலெப்பிஸ் மட்டும் திரும்ப முளைக்காத அளவுக்கு அழித்தது. எங்கள் நிலவேம்பு, வளர்ச்சி ஓய்ந்து கிடக்கிற கிருமி மீது ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. வெள்ளிக்கரைசலும் அப்படியே.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. நிலவேம்பைக் குறை சொன்ன மாதிரி இருந்திருக்கும். நான் மறுபக்கத்தையும் சொன்னேன். குழாயில் கிருமி செத்தது என்பதால் மனிதரில் மாறும் என்று ஆகிவிடாது. குழாயில் இட்ட அளவு சாறு இரத்தத்தில் சேருமா, சேர்ந்தால் ஈரல் தாங்குமா, முழங்கால் மூட்டுக்குள் போகுமா என்று மனிதரில் பார்த்தால்தான் தெரியும். கிரிப்டோலெப்பிஸ் வேர் நாளைக்கு ஒரு மருந்தாக வரலாம், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆர்ட்டிமிசியாவுக்கு அது நடந்திருக்கிறது. சீனாவின் தூ யூயூ பழைய வைத்தியக் குறிப்பு ஒன்றில் அந்தச் செடியைக் கொதிக்க வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னதைக் கவனித்து, சூடில்லாமல் சாறெடுத்து, 1972இல் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைப் பிரித்தார். தன் உடம்பிலேயே முதலில் சோதித்தார். 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மூலிகையை மதிப்பது என்றால் அதுதான் மதிப்பு. அளவு தெரியாமல், என்ன செடி என்று தெரியாமல் சொட்டு விடுவதை மதிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என்ன செடி என்று தெரியாமல் என்று சொன்னது சும்மா இல்லை. அம்மா கேட்டதற்காக ஒருநாள் புறக்கோட்டை காபோஸ் ஒழுங்கைக்குப் போனேன். நாட்டு மருந்துச் சாக்குகள் நிரம்பிய ஒழுங்கை, நடந்தாலே உடுப்பில் வாசம் ஏறிவிடும். நிலவேம்பு என்றேன். கடைக்காரர், "எந்த நிலவேம்பு? பிங்கொஹொம்பவா, ஹீன் பிங்கொஹொம்பவா?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். முதலாவது காட்டில் அருகிப்போய் விலை ஏறியது, அதற்குப் பதிலாக மலிவான இரண்டாவதைப் போடுகிறார்கள். அக்காவின் போத்தலில் இருந்தது அந்த இரண்டாவது. ஒரே பெயர் சொல்லிக் கேட்டால் இங்கேயே இரண்டு செடி வருகிறது. கடல் கடந்து போத்தலில் போனபிறகு யார் சரிபார்ப்பது?

அம்மாவின் மனம் ஆற வேண்டுமென்று பதிவு பெற்ற ஒரு சித்த வைத்தியரிடமும் அக்காவைக் கூட்டிப் போனோம். நாடி பார்த்தார், நாக்குப் பார்த்தார், டொக்டர் எழுதிய துண்டையும் வாங்கிப் பார்த்தார். "இதை முதல் முடியுங்கோ. வீக்கத்தில எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். குளிசை முடிஞ்சு கால் மெலிஞ்சுபோய்க் கிடக்கும், அப்ப வாங்கோ" என்றார். காசும் வாங்கவில்லை. தன் மருந்தின் நேரம் எது என்று தெரிந்த வைத்தியர்.

இதற்கிடையில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் சிக்குன்குனியா மறுபடி பரவிய நேரம் எனக்கும் வந்து, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் விரல் மூட்டும் கணுக்காலும் நோவெடுத்துக்கொண்டே இருந்தது. லைம் பற்றி வாசிக்க வாசிக்க எல்லா அறிகுறியும் எனக்கும் பொருந்துவதாகப் பட்டது. யாரிடமும் சொல்லாமல் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காசு கட்டி இரத்தம் கொடுத்தேன். ஏன், எதற்கு, எங்கே போனீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் கடதாசி வந்தது: ஐஜிஎம்மில் இரண்டு கோடு, பொசிட்டிவ். அன்றிரவு நான் தூங்கவில்லை. அக்காவின் போத்தல்களில் ஒன்றை எடுத்துச் சொட்டும் விட்டேன்.

அதே டொக்டரிடம் போனேன். கடதாசியைப் பார்க்கும் முன்னரே, "கனடாப் பக்கம் போனனீங்களோ?" என்றார். நான் மதுரையைத் தாண்டியதில்லை. அவர் ஒரு துண்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். நூற்றுக்கு ஐந்து பேரில் பிழையாக இருக்கு என்று சொல்கிற ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயே இல்லாத ஊரில் ஆயிரம் பேரைப் பார்த்தால் ஐம்பது பேருக்கு இருக்கு என்று கடதாசி வரும், ஐம்பதும் பிழை. உண்ணிக் காட்டில் நடந்து, தடிப்பு வந்து, முழங்கால் வீங்கிய ஐம்பது பேருக்கு அதே கடதாசி வந்தால் அநேகமாக எல்லாம் சரியாக இருக்கும். கடதாசி ஒன்றுதான், அதைக் கொண்டு வருகிற ஆளின் கதை வேறு. எலிக்காய்ச்சல் கிருமியும் சுருள் வடிவம்தான், வயல் செய்கிற எங்கள் நாட்டில் அது வந்து போன உடம்பு எத்தனையோ. அதுவும் லைம் சோதனையைக் குழப்பக்கூடியது. லூப்பஸ், வாதம், வேறு வைரஸ் காய்ச்சல்களும் குழப்பும். எட்டு மாதமாக நோகிறவருக்கு ஐஜிஎம் மட்டும் இருந்து ஐஜிஜி இல்லையென்றால் அது லைம் இல்லை, இவ்வளவு நாளில் ஐஜிஜி வந்திருக்கவேண்டும். எனக்கு இருந்தது சிக்குன்குனியா விட்டுப்போன மூட்டு நோ. நடக்கச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார். அந்தச் சோதனைக்கு நான் கொடுத்த காசு ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு.

எங்கள் நாட்டு உண்ணிகளும் சும்மா இல்லை. மலைநாட்டுப் பக்கம் உண்ணியால் வருகிற புள்ளிக் காய்ச்சல் உண்டு. வடக்கிலும் மேற்கிலும் பற்றைகளில் இருக்கிற நுண்ணிய பூச்சியின் குஞ்சுகள் கடித்து ஸ்கிரப் டைபஸ் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரிக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும், அதுவும் இடுப்பு மடிப்பு, அக்குள் என்று வெட்கப்படுகிற இடங்களில். டொக்டர் கேட்காவிட்டால் ஆள் காட்டமாட்டார். இரண்டுக்கும் அதே டொக்சிசைக்ளின், இரண்டு நாளில் காய்ச்சல் விழும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இருந்து இரத்த முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைத்தால் ஆளே போகலாம். ஒரு வாரமாகக் காய்ச்சல் காய்கிற யாராவது வீட்டில் இருந்தால், டெங்கு இல்லையென்று வந்த பிறகும் விடாதீர்கள். எந்த வயலில் இறங்கினார், எந்தப் பற்றையில் இருந்தார் என்று நீங்களாகவே டொக்டருக்குச் சொல்லுங்கள். உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காவின் வீக்கம் மூன்றாம் கிழமையில் இறங்கியது. தைப்பொங்கலுக்கு நின்று பானை வைத்தார். கால் சரி, களைப்புத்தான் போகவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு ஆள் விழுந்துவிடுவார், சொல்ல வந்த சொல் வாயில் வராது. மருந்து எடுத்து முடித்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி மாதக்கணக்கில் இழுபடுகிறது. இன்னும் ஒரு தரம் இரத்தம் பார்த்துக் கிருமி போய்விட்டதா என்று காட்டுங்கள் என்று அக்கா கெஞ்சினார். அதுக்கு ஒரு கடதாசியும் இல்லை. எதிர்ப்பொருள் நோய் மாறிய பிறகும் வருடக்கணக்கில் இருக்கும், இன்றைக்குப் பார்த்தாலும் எட்டுக் கோடு வரும். இன்னும் மூன்று மாதம் அன்ரிபயோட்டிக் தாருங்கள் என்றும் கேட்டார். நெதர்லாந்தில் அப்படிப் பன்னிரண்டு கிழமை கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள், வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. டொக்டர் அதைச் சொல்லிவிட்டு, "களைப்பு பொய்யில்லை அம்மா. எனக்கு அது தெரியும்" என்றார். அக்கா அந்த அறையில் இருந்து அழுதார். மூலிகைக்காரியிடம் கேட்ட சொல் அதுதான் என்று பிறகு எனக்குச் சொன்னார்.

மாசியில் போகும்போது சூட்கேசில் போத்தல்கள் இருக்கவில்லை. அம்மா மல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து இடித்து இரண்டு சரை கட்டிக் கொடுத்தார். "இது வருத்தத்துக்கில்லை, பின்னேரத்துக்கு" என்றார். வழியில் வாங்கிய ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் அக்கா எப்போது தூங்கினார், எவ்வளவு நடந்தார், எப்போது விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனார்.

இந்த ஆனியில் ஒருநாள், எங்களுக்கு இரவு ஒன்பது மணி, ஸ்காபரோவில் பகல், வட்ஸ்அப் குழுவில் மறுபடி ஒரு படம். அக்காவின் சின்ன மகனின் கெண்டைக்கால். பக்கத்தில் ஒரு சதக் காசு, காசின் மேல் கசகசா மணி போல ஒன்று. அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தார்: "மெல்லிய சாவணத்தால தோலோட ஒட்டப் பிடிச்சு நேரா இழுத்தனான். எண்ணெய் விடேல்லை, நெருப்பு வைக்கேல்லை. இண்டைக்குக் காலமை ஏழு மணி. நேற்றுக் காலமை ரூஜில நடந்தவங்கள்." சித்தி வழக்கம்போலக் கைகூப்பிய படம் போட்டார். நான் எழுதாமல் போனையே எடுத்தேன்.

"அக்கா, டொக்டரிட்டை போனனீங்களோ? உண்ணியை எடுத்து எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள்ள, ஒரே ஒரு தரம் போடுற குளிசை குடுக்கிறவை."

"வாசல்ல நிக்கிறன்" என்றார். "கொப்பியும் கையில கிடக்கு."